சர்ச்சுக்குப் போன மோர்ப்பந்தல் முறை

1

இன்றைக்கு நம்மூரில் ஆடிக் கிருத்திகை. சரவணப் பொய்கைப் பக்கம் கால் வைக்க இடம் இருக்காது. மொட்டைத் தலையும் மஞ்சள் துணியும் பூக்காவடியுமாக ஜனம் மலை ஏறிக்கொண்டிருக்கும். அதே நேரத்தில் நான் இங்கே, வடக்கு இங்கிலாந்தில் ஒரு பழைய மில் ஊரில், சர்ச் ஆபீஸில் உட்கார்ந்துகொண்டு, நாற்காலி அடுக்குகிறவருக்கு என்ன மரியாதை செய்ய வேண்டும் என்று டைப் அடித்துக்கொண்டிருக்கிறேன்.

சிரிக்காதீங்க. இதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

திருத்தணியிலிருந்து என் தம்பி ஒரு தடவை கடுதாசி போட்டிருந்தான். ‘அக்கா, நீ மதம் மாறிட்டியாமே, ஊர்ல பேசிக்கினு கீறாங்க’ என்று. எனக்கு வந்ததே கோபம்! முருகன் கோபம் தணிந்து உட்கார்ந்த மலையடியில் பிறந்தவளுக்குக் கோபம் மட்டும் தணியவே இல்லை என்று எங்கள் வீட்டுக்காரர் கேலி செய்வார். நான் அந்த நிமிஷமே பதில் எழுதினேன். ‘டேய், என் மேஜை டிராயர்ல தணிகை முருகன் படமும் விபூதிப் பொட்டலமும் கீது. வந்து பாத்துட்டுப் பேசச் சொல்லு.’

அது நிஜம்தான். பாதிரியாருக்கும் தெரியும். ஒரு நாள் ஸ்டாம்பு தேடி டிராயரைத் திறந்தவர் படத்தைப் பார்த்துவிட்டு, “இவரும் இங்கேதான் வேலை பார்க்கிறாரா?” என்று கேட்டார்.

“ஆமாம், சம்பளம் இல்லாமல்” என்றேன். மனுஷன் விழுந்து விழுந்து சிரித்தார்.

ஆக, நான் மாறவில்லை. உண்மையைச் சொன்னால், இந்த சர்ச்தான் கொஞ்சம் மாறியது. மாற்றியது எங்கள் நைனா, அதாவது அப்பா, போட்ட மோர்ப்பந்தல். பெருமை அடிக்கிறேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். அடிக்கத்தான் போகிறேன்.

2

எங்கள் வீட்டுக்காரர் ஆர்.கே.பேட்டைக்காரர், தறி ஃபிட்டர். இந்த ஊர் மில்லில் வேலை கிடைத்து அறுபதுகளின் கடைசியில் வந்தார். பின்னாலேயே நானும் வந்தேன். திருத்தணி பஜாரில் மாடி ஏறிப் போய் டைப்ரைட்டிங் கற்றுக்கொண்டு ஹையர் பாஸ் பண்ணின சர்டிபிகேட் பெட்டிக்கு அடியில் கிடந்தது. மகள் மாலதி பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததும் அதைத் தூசி தட்டி எடுத்தேன். பேப்பர் கடைக் கண்ணாடியில் ‘சர்ச் ஆபீஸுக்கு டைப்பிஸ்ட் தேவை’ என்று ஒரு அட்டை ஒட்டியிருந்தது. போய் நின்றேன். கொடுத்துவிட்டார்கள்.

என் பெயர் தணிகைச்செல்வி. அது இவர்கள் வாயில் நுழையாது. வெட்டிச் சுருக்கி ‘மிஸஸ் செல்வி’ ஆக்கிவிட்டார்கள். நம்மூரில் யாராவது கேட்டால் வயிறு வலிக்கச் சிரிப்பார்கள். கல்யாணம் ஆனவளா ஆகாதவளா, எதையாவது ஒன்றைச் சொல்லித் தொலையுங்கப்பா! முதலில் திருத்தினேன். அப்புறம் விட்டுவிட்டேன்.

இந்த சர்ச்சில் வியாழக்கிழமை தோறும் மதியச் சாப்பாடு உண்டு. தனியாக இருக்கிற வயசானவர்கள் வந்து உட்கார்ந்து சூப்பும் உருளைக்கிழங்கும் இனிப்பும் சாப்பிட்டு, டீ குடித்து, வாய் ஓயப் பேசிவிட்டுப் போவார்கள். சமைக்க, பரிமாற, கழுவ, நாற்காலி போட எல்லாம் சம்பளமில்லாத தொண்டர்கள்தான். நான் சேர்ந்த புதிதில் கூடம் நிறைய ஆள் இருந்தது. எண்பதுகள் பிறந்ததும் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். கேட்டால் முதுகு வலி என்பார்கள், பேரன் வந்திருக்கிறான் என்பார்கள். கடைசியில் சர்ச் கமிட்டி கூடிப் பேசி, குளிர் ஆரம்பிப்பதற்குள் ஆள் சேராவிட்டால் வியாழக்கிழமைச் சாப்பாட்டை நிறுத்திவிடுவது என்று முடிவு எடுத்தது.

மற்றவர்களுக்கு அது ஒரு சாப்பாடு. எட்னாவுக்கு அப்படி இல்லை.

எட்னா எங்கள் தெருக்காரர். நாங்கள் இந்தத் தெருவுக்குக் குடிவந்தபோது ஜன்னல் திரைகள்தான் அசைந்தன, கதவு ஒன்றும் திறக்கவில்லை. மாலதி பிறந்து ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுநாள் கதவைத் தட்டினது எட்னா. கையில் அவரே பின்னின மஞ்சள் ஸ்வெட்டர். “குழந்தை அழுகிறது கேட்டது. நீ சாப்பிட்டாயா?” என்றார். அந்த ஒரு கேள்விக்காக அவருக்கு நான் காலமெல்லாம் கடமைப்பட்டவள். புருஷன் போன பிறகு அவருக்கு இருந்த ஒரே போக்கிடம் சர்ச் சமையலறை சிங்க். அங்கே நின்று கோப்பை கழுவுவார். விரல் முட்டியெல்லாம் வீங்கியிருக்கும். சுடுதண்ணீர் இதமாக இருக்கிறது என்பார்.

“அது நின்றுபோனால் நான் வியாழக்கிழமையைப் புதன்கிழமை மாதிரி ஆக்கிக்கொள்ள வேண்டியதுதான்” என்றார் என்னிடம். அவருடைய புதன்கிழமை எனக்குத் தெரியும். ரேடியோவும் பூனையும்.

இந்தச் சமயத்தில்தான் சர்ச் மேலிடத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. இனிமேல் தொண்டர் ஒவ்வொருவருக்கும் எழுத்தில் ஒரு பணி விவரம் இருக்க வேண்டுமாம். வேலையின் நோக்கம், செய்ய வேண்டியது, நேரம், தகுதி, யாருக்குக் கட்டுப்பட்டவர். அடேயப்பா! கோப்பை கழுவுவதற்கு நோக்கம் என்ன எழுதுவது?

பாதிரியார் அதை நல்ல சகுனம் என்று நினைத்தார். வேலை இன்னதென்று தெளிவாக எழுதிப் போட்டால் ஆள் வருவார்கள், முயற்சி பண்ணிப் பார்ப்போம் என்றார். தொண்டர்களுக்குப் பொறுப்பானவர் ஹரால்டு. மில்லில் மேஸ்திரியாக இருந்து ரிட்டையர் ஆனவர். தறிச் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்தி அவருக்குத் தொண்டை அந்த உச்சத்திலேயே நின்றுவிட்டது. குட்மார்னிங் சொன்னாலே கண்ணாடி அதிரும். அவர் சுற்றறிக்கையில் இருந்த மாதிரியைப் பார்த்துக் கையால் எழுதி, டைப் அடிக்கச் சொல்லி என்னிடம் கொடுத்தார்.

‘கோப்பை கழுவுபவர். தகுதி: தொடர்ந்து நிற்கக்கூடியவர். நிறைந்த தட்டைத் தனியாகத் தூக்கக்கூடியவர். கைகளில் குறைபாடு இல்லாதவர்.’

ஹரால்டு கெட்டவர் இல்லை. எட்னாவை மனசில் வைத்து அவர் எழுதவும் இல்லை. மாதிரியில் இருந்ததை எழுதினார், அவ்வளவுதான். ஆனால் பாதி அடித்துக்கொண்டிருக்கும்போது எனக்கு உறைத்தது. இந்தத் தாள் சுவரில் ஏறினால் எட்னா படிப்பார். படித்துவிட்டு, யாரும் சொல்லாமலே ஏப்ரனைக் கழற்றி மாட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார். எனக்கு அவரைத் தெரியும்.

தாளை மெஷினிலிருந்து உருவிக் கசக்கிக் கூடையில் போட்டேன்.

3

இப்போது நைனாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

எங்கள் நைனா பெயர் முனிரத்தினம். தறிக்காரர். வருஷம் பூராவும் தறிக்குழியில் கால். ஆடிக் கிருத்திகைக்கு மட்டும் தறியைக் கட்டி வைத்துவிட்டு, தெரு ஆட்களைக் கூட்டிக்கொண்டு போய் மலையடியில் மோர்ப்பந்தல் போடுவார். சித்தூர், புத்தூர் பக்கத்து ஜனமெல்லாம் வேகிற வெயிலில் வந்து இறங்கும். “ரண்டி, ரண்டி, மஜ்ஜிக தாகண்டி!” என்று தெலுங்கில் ஒரு குரல், “வாங்க, மோர் குடிச்சிட்டு ஏறுங்க!” என்று தமிழில் ஒரு குரல். இரண்டும் நைனாதான்.

பந்தலுக்கு ஒரு முறை இருந்தது. பந்தக்கால் நட்ட அன்றைக்கே யாருக்கு என்ன வேலை என்று எழுதி அந்தக் காலிலேயே ஒட்டிவிடுவார்கள். யாரையும் முன்னால் கேட்க மாட்டார்கள். முதலில் ஒட்டு, அப்புறம் சண்டை போடு. பிடிக்காதவன் வந்து கத்துவான். எல்லோரும் சுற்றி நின்று கேட்பார்கள். சாயங்காலத்துக்குள் தீர்ந்துவிடும்.

ஒரு வருஷம் மோர் கடைகிற ஆளை உப்புப் போட மாற்றிவிட்டார் நைனா. அவர் வந்து குதித்தார்.

“யோவ் முனிரத்தினம், நான் இன்னா கையி செத்தவனா? மத்து புடிச்ச கையில உப்பக் குடுக்கற?”

“மத்து யாரு வேணா புடிப்பான்யா. உப்பு ஒரு பிடி கூடுச்சுன்னா ஊரே துப்பும். உன்ன நம்பித்தான் குடுத்துகினு கீறேன். வேணான்னா சொல்லு.”

அந்த ஆள் மீசையைத் தடவிக்கொண்டு உப்புச் சட்டிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தவர்தான். அப்புறம் சாகும்வரை உப்பை வேறு யாரிடமும் விடவில்லை.

வேலைக்குப் பக்கத்திலேயே மரியாதையும் எழுதியிருக்கும். கடைகிறவருக்கு முதல் சொம்பு. இஞ்சி, கொத்துமல்லி நறுக்குகிற பெண்களுக்கு நிழல் பக்கம், அங்கே ஆம்பிளைகள் நிற்கக் கூடாது. யார் வீட்டிலாவது உடம்பு சரியில்லை, சாவு என்றால் பந்தலிலிருந்து இரண்டு பேர் நேரில் போய் விசாரிக்க வேண்டும். தலை போகிற வேலை இருந்தாலும் போயாக வேண்டும்.

பந்தல் பிரிக்கிற அன்றைக்கு எல்லோரையும் உட்கார வைத்து, பெயரும் வேலையும் சொல்லிக் கூப்பிட்டு, ஆளுக்கொரு துண்டு, இரண்டு கையாலும் கொடுப்பார்கள். முதல் பெயர் யாருடையது தெரியுமா? செருப்பு பார்த்துக்கொள்கிறவர் பெயர். கூப்பிட்டதும் அவர் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி “ஆங், இருக்கேன்!” என்று சொல்ல வேண்டும். அந்த வருஷம் செத்துப் போனவர்கள் பெயரையும் விடாமல் கூப்பிடுவார்கள். அவர்கள் வீட்டு ஜனம் எழுந்து “ஆங், இருக்கோம்!” என்று சொல்லித் துண்டை வாங்கிக்கொள்ளும்.

கூப்பிடுகிறவர் எப்போதும் நைனா. அதனால் அவர் பெயரை மட்டும் யாரும் கூப்பிட்டு நான் கேட்டதே இல்லை. சின்னப் பெண்ணாக இருக்கும்போது ஒரு தடவை கேட்டேன். “நைனா, உம் பேர யாரு கூப்புடுவாங்க?”

“கூப்புடறவன் பேர யாரு கூப்புடறது? போம்மா, போய்த் துண்ட எண்ணு” என்று சிரித்தார்.

4

கசக்கிப் போட்ட தாளுக்குப் பதிலாக நானே எழுதினேன். எனக்குத் தெரிந்த முறை ஒன்றுதான், அந்தப்படி எழுதினேன். இங்கே தமிழில் தருகிறேன்.

‘கோப்பை கழுவுகிறவர்: எட்னா. இந்த சிங்க் அவருடையது. அவரைக் கேட்காமல் வேறு யாரும் கை வைக்கக் கூடாது. கனமான தட்டைத் தூக்கித் தர ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும். மரியாதை: வேலை முடிந்ததும் முதல் டீ அவருக்கு, உட்கார வைத்துக் கொடுக்க வேண்டும். உடம்புக்கு முடியவில்லை என்றாலும் வீட்டில் துக்கம் என்றாலும் கமிட்டியிலிருந்து இரண்டு பேர் நேரில் போக வேண்டும். வருஷக் கடைசியில் பெயரையும் வேலையையும் சொல்லிக் கூப்பிட்டு, இரண்டு கையாலும் துண்டு தர வேண்டும்.’

நாற்காலி அடுக்குகிறவர், தரை துடைக்கிறவர், உருளைக்கிழங்கு உரிக்கிறவர், வாசலில் நின்று கோட்டு வாங்கி மாட்டுகிறவர், எல்லோருக்கும் இதே மாதிரி. தட்டு தூக்கித் தருகிறவருக்கும் தனியாக ஒரு தாள். ஆள் இல்லாத இடத்தில் பெயருக்கு மட்டும் கோடு போட்டு விட்டேன். தரை துடைக்கிறவர் தாளில், ‘இவர் பெயரைத்தான் முதலில் கூப்பிட வேண்டும்’ என்று சேர்த்தேன்.

மாலதிக்கு அப்போது பதினாலு வயசு. பள்ளிக்கூடத்தில் அவள் பெயர் ‘மால்’. நான் தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் சொல்வாள். சாமி கும்பிடு என்றால் ஒரு கண்ணை மூடி ஒரு கண்ணால் டிவி பார்ப்பாள். அவளிடம் தாள்களைக் கொடுத்து இங்கிலீஷ் சரியாக இருக்கிறதா பார் என்றேன். படித்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

“அம்மா, பணி விவரத்தில் மரியாதை என்று ஒரு தலைப்பு இந்த உலகத்திலேயே கிடையாது.”

“எங்க ஊர்ல கீது.”

“சம்பளம் இல்லாத வேலைக்கு எதற்கு மரியாதை எழுதுகிறாய்?”

“சம்பளம் இருந்தா எதுக்குடி மரியாதையத் தனியா எழுதப் போறேன்?”

பேனாவை எடுத்து எழுத்துப் பிழைகளை மட்டும் திருத்தினாள். திருத்திக்கொண்டே பந்தலைப் பற்றி ஒவ்வொன்றாகக் கேட்டாள். செருப்புக்காரர் பெயர் ஏன் முதலில்? செத்தவர் பெயரைக் கூப்பிட்டால் யார் பதில் சொல்வார்கள்? ‘ஆங்’ என்றால் என்ன? நான் அவளிடம் அவ்வளவு நேரம் தமிழில் பேசி வருஷக்கணக்காகியிருந்தது. அவளும் அன்றைக்கு டிவி போடவில்லை.

மறுநாள் சனிக்கிழமை. ஸ்டென்சில் வெட்டி, சைக்ளோஸ்டைல் எடுத்து, தாள்களை அழகாக அடுக்கி, சர்ச் வாசல் பலகையில் வரிசையாக ஊசி குத்தி மாட்டிவிட்டு வந்தேன்.

தப்பு அங்கேதான். இந்த ஊரில் முதலில் நகல், அப்புறம் கமிட்டி, அப்புறம் திருத்தம், அப்புறம் மறுபடி கமிட்டி, அதற்கப்புறம்தான் பலகை. பத்து வருஷத்துக்கு மேல் இந்த ஊர்த் தண்ணீர் குடித்தவளுக்கு அது தெரியாதா? தெரியும். ஆனால் அந்த வேலையை எடுத்ததும் நான் மலையடிக்குப் போய்விட்டேன் போலிருக்கிறது. பந்தக்காலில் ஒட்டுகிற மாதிரி ஒட்டிவிட்டேன். பிடிக்காதவன் வந்து கத்தட்டும் என்று.

ஞாயிற்றுக்கிழமை பாட்டு முடிந்து ஜனம் வெளியே வந்தது, படித்தது. திங்கட்கிழமை காலையில் நான் போனபோது ஹரால்டு ஆபீஸ் வாசலில் நின்றுகொண்டிருந்தார். முகம் பீட்ரூட்.

“யாரைக் கேட்டு மாட்டினீர்கள், மிஸஸ் செல்வி?”

அப்போதுதான் எனக்கு மண்டையில் ஏறியது. வேலை போச்சு என்றே நினைத்தேன்.

5

புதன்கிழமை சாயங்காலம் கமிட்டி கூடியது. என்னையும் வரச் சொன்னார்கள். “நானும் வருவேன்” என்று மாலதி கிளம்பினாள். எதற்கு என்று கேட்டேன். “உன் இங்கிலீஷ் கோபத்தில் உடைந்துவிடும்” என்றாள். வாஸ்தவம்தான்.

ஹரால்டு எழுந்தார். நான் அனுமதி வாங்காதது ஒரு பக்கம் இருக்கட்டும் என்றார். அவருக்கு உறுத்தியது வேறு. “தொண்டு என்பது எதையும் எதிர்பார்க்காமல் செய்வது. முதல் டீ, பெயர் கூப்பிடுவது, துண்டு, இதெல்லாம் கொடுத்தால் அது தொண்டா? என் அம்மா நாற்பது வருஷம் இந்த சர்ச் தரையைத் துடைத்தாள். ஒரு நன்றிகூட எதிர்பார்த்தது இல்லை.”

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. எழுந்தேன். மாலதி என் புடவைத் தலைப்பைப் பிடித்து இழுத்தாள். நான் உட்காரவில்லை.

“எதிர்பார்க்காமல் இருப்பது உங்கள் அம்மாவின் வேலை. அதை அவர் சரியாகச் செய்தார். கொடுப்பது சர்ச்சின் வேலை. அதை யார் செய்தது? நான் அந்தத் தாளில் எழுதியது தொண்டருடைய பணி விவரம் மட்டும் இல்லை, ஐயா. கீழே இருக்கிற பாதி உங்களுடைய பணி விவரம்.”

எட்னா மூலையில் உட்கார்ந்து கைக்குட்டையை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தார். பிறகு அவர் மெதுவாகச் சொன்னார். “ஹரால்டு, உன் அம்மா பக்கத்தில் நானும் துடைத்திருக்கிறேன். அவள் எதிர்பார்க்கவில்லை என்று உனக்கு யார் சொன்னது?”

ஹரால்டு உட்கார்ந்துவிட்டார்.

பாதிரியார் அதற்குள் ஒரு உறையிலிருந்து தாள்களை எடுத்து மேஜையில் பரப்பினார். வாசல் பலகையிலிருந்து கழற்றின என் தாள்கள்தான். நான் காலியாக விட்ட கோடுகளில் பெயர்கள் எழுதியிருந்தன. ஞாயிற்றுக்கிழமையே எழுதிவிட்டார்களாம். தரை துடைக்கிற தாளில் ஒருவர் பெயரை அடித்துவிட்டு இன்னொருவர் எழுதியிருந்தார். தட்டு தூக்கித் தருகிற வேலைக்கு எழுதியிருந்தவர் பஸ் கண்டக்டர். சர்ச் பக்கமே வராதவர், பெண்டாட்டியைக் கூட்டிப்போக வந்து வாசலில் நின்றவராம்.

“முறைப்படி மாட்டியிருந்தால் இது நடந்திருக்குமா என்று தெரியவில்லை” என்றார் பாதிரியார். வியாழக்கிழமைச் சாப்பாடு நிற்கவில்லை. எட்னாவின் சிங்க் எட்னாவுக்கே. என் வேலையும் எனக்கே.

வெளியே வரும்போது ஹரால்டு என்னை நிறுத்தினார். “இந்தப் பெயர் கூப்பிடுவது. உங்கள் ஊரில் யார் செய்வார்கள்?”

“எங்க அப்பா” என்றேன்.

“அவர் பெயரை யார் கூப்பிடுவார்கள்?”

யாரும் இல்லை என்றேன். நைனா சொன்ன பதிலையும் சொன்னேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டு தொப்பியைப் போட்டுக்கொண்டார். வழி பூராவும் மாலதி வாய் ஓயவில்லை. “நீ எப்படி எழுந்து நின்றாய்! அவர் மூஞ்சியைப் பார்த்தாயா!” என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். பெற்ற பெண் நம்மைப் பார்த்துப் பெருமைப்படுகிறாள் என்று தெரிந்தால் வருகிற தெம்பு இருக்கிறதே, அதை அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். நான் அன்றைக்கு அனுபவித்தேன்.

நைனாவுக்கு இதையெல்லாம் விவரமாக எழுதினேன். தம்பியை விட்டுப் பதில் எழுதச் சொல்லியிருந்தார். ‘தொரைங்க எடத்துல பந்தக்கால் நட்டுட்ட. நல்லது. தரை தொடைக்கறவங்க பேரு மொதல்ல வருதான்னு மட்டும் பாத்துக்கோ.’

6

கிறிஸ்துமஸுக்கு முந்தின வியாழக்கிழமை பெயர் கூப்பிட்டார்கள். எங்கள் வீட்டுக்காரர் மில்லிலிருந்து கட்டம் போட்ட துண்டு ஒரு கட்டு வாங்கி வந்து கொடுத்தார். பாத்திரம் துடைக்கிற சைஸ்தான், ஆனாலும் நல்ல நூல். கூப்பிடுவது யார் என்று பேச்சு வந்தபோது எல்லோரும் ஒரே ஆளைப் பார்த்தார்கள். அந்தத் தொண்டை வேறு யாருக்கு இருக்கிறது? ஹரால்டு முணுமுணுத்துக்கொண்டே எழுந்தார். இரண்டு பெயர் தாண்டினதும் முணுமுணுப்பு போய்விட்டது. நாலாவது பெயருக்கு அவர் குரல் கூரையில் போய் இடித்தது.

எல்லோரும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி இங்கிலீஷில் ‘இருக்கேன்’ சொன்னார்கள். எட்னா மட்டும் எழுந்து நின்று “ஆங்!” என்றார். நான் சொல்லிக் கொடுக்கவில்லை. மாலதி வேலை.

கடைசிப் பெயர் முடிந்தது என்று ஹரால்டு உட்காரப் போனார். எட்னா விடவில்லை. அந்த மெல்லிய குரலை முடிந்தவரைக்கும் எழுப்பி, “ஹரால்டு! பெயர் கூப்பிட்டவர்!” என்றார். கூடம் கைதட்டியது. அந்தப் பெரிய மனுஷன் பதில் சொன்னது முதல் வரிசைக்குக்கூடக் கேட்டிருக்காது. துண்டை வாங்கி மூக்கைச் சிந்திக்கொண்டார்.

என் பெயரைக் கூப்பிடவில்லை. எல்லோருக்கும் தாள் எழுதின நான் எனக்கு எழுதிக்கொள்ளவில்லையே! அது எனக்கு உறைக்கக்கூட இல்லை. சமையலறை வாசலில் நின்று, திருத்தணி முறை இங்கிலீஷ்காரர்கள் வாயில் எப்படி இருக்கிறது என்று பார்த்துப் பூரித்துக்கொண்டிருந்தேன்.

தை மாசத்தில் தந்தி வந்தது. நைனா போய்விட்டார். தந்தி என் கைக்கு வரும்போது அங்கே எடுத்தே முடித்திருந்தார்கள். டிக்கெட் எடுத்து ஓட நேரமும் இல்லை, ஓடினாலும் பார்க்க நைனா முகமும் இல்லை. எங்கள் வீட்டுக்காரர் என் தலையைத் தடவினார். நான் அழுதேன், நன்றாகவே அழுதேன். ஊரில் என்றால் இந்நேரம் வீடு கொள்ளாத ஜனம் வந்திருக்கும். இங்கே வெளியே பனி, உள்ளே நாங்கள் மூன்று பேர். நைனா படத்துக்கு முன்னால் ஒரு விளக்கு.

நைனா போய்விட்டார், ஆபீஸுக்கு வரவில்லை என்று மட்டும் மாலதியை விட்டுப் பாதிரியாருக்குப் போன் செய்யச் சொன்னேன்.

மறுநாள் மதியம் யாரோ கதவைத் தட்டினார்கள். திறந்தால் ஹரால்டும் எட்னாவும். ஹரால்டு ஞாயிற்றுக்கிழமைக் கோட்டு போட்டிருந்தார். தோளெல்லாம் பனி. எட்னா அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்த விரல்களோடு பனியில் நடந்து வந்திருக்கிறார்.

“மிஸஸ் செல்வி” என்றார் ஹரால்டு. அவரால் முடிந்த அளவு மெதுவாக. “உங்கள் தாளைத் தேடிப் பார்த்தோம். நீங்கள் உங்களுக்கு எழுதிக்கொள்ளவே இல்லை. ஆனாலும் இரண்டு பேர் வர வேண்டும் என்பதுதானே முறை? வந்திருக்கிறோம்.”

உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தேன். எட்னா உட்காராமல் என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, “நீ சாப்பிட்டாயா?” என்றார்.

ஹரால்டு நைனா படத்துக்கு முன்னால் போய் நின்றார். துண்டும் விபூதியுமாக நைனா பார்த்துக்கொண்டிருந்தார்.

“இவர் பெயர் என்ன?”

சொன்னேன். ஒரு தடவை சொல்லிப் பார்த்தார், வழுக்கியது. மாலதி போய் அவர் பக்கத்தில் நின்றுகொண்டாள். “முனி” என்றாள். அவர் சொன்னார். “ரத்தினம்” என்றாள். அவர் சொன்னார். இரண்டையும் சேர்த்து வாய்க்குள்ளேயே நாலு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார், பரீட்சைக்குப் போகிற பிள்ளை மாதிரி.

பிறகு தொப்பியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, நிமிர்ந்து நின்று, அத்தனை தறிச் சத்தத்துக்கும் மேலே கத்தின அந்தத் தொண்டையால், எங்கள் சின்னக் கூடத்தில் கூப்பிட்டார்.

“முனிரத்தினம்! மோர்ப்பந்தல்! பெயர் கூப்பிட்டவர்!”

நான்தான் பதில் சொல்ல வேண்டும். செத்தவர் வீட்டு ஜனம் நான்தானே. வாயைத் திறந்தேன். அழுகைதான் வந்தது. ஹரால்டு அப்படியே காத்துக்கொண்டு நின்றார்.

“ஆங்!” என்றாள் என் மகள். தெருவுக்கே கேட்டிருக்கும். “இருக்கோம்!”

ஹரால்டு கோட்டுப் பையிலிருந்து கட்டம் போட்ட துண்டு ஒன்றை எடுத்தார். இரண்டு கையாலும் அவளிடம் கொடுத்தார். அவளும் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.